குழந்தைக்கு அம்மை, வயிற்றில் இன்னொரு குழந்தை

தமிழில் அம்மை என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. காய்ச்சலோடு உடலெங்கும் தடிப்போ கொப்புளமோ எழும்பும் பல நோய்களுக்கும் நம் முன்னோர் பொதுவாக வைத்த பெயர் அது. உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்ட பெரியம்மையும் அம்மைதான். மூன்று நாளில் தடம் தெரியாமல் மறையும் ருபெல்லாவும் அம்மைதான். ஊருக்கு ஊர் பெயரும் மாறும். தமிழ்நாட்டில் சின்னம்மை என்றால் நீர் கோத்த முத்துகள் எழும்பும் நோய். அதை இலங்கையில் கொப்புளிப்பான் என்பார்கள். இலங்கையில் சின்னமுத்து என்றாலோ அது தமிழ்நாட்டார் தட்டம்மை என்றும் மணல்வாரி என்றும் சொல்கின்ற முற்றிலும் வேறான நோய். வீட்டில் ஒரு குழந்தைக்கு அம்மை கண்டு, வேப்பிலை செருகி, முத்து இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிப்பதோடு பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடுவதால், இந்தப் பெயர்க் குழப்பம் யாரையும் உறுத்துவதில்லை.

அதே வீட்டில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இருந்தால் நிலைமை வேறு. மூத்த குழந்தைக்கு அம்மை கண்டிருக்கிறது, வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று அவர் கேட்கும்போது, மருத்துவர் பதில் சொல்வதற்கு முன்பு மூன்று விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது: அது எந்த அம்மை, கர்ப்பம் எத்தனையாவது வாரத்தில் இருக்கிறது, அந்த நோயோ அதற்கான தடுப்பூசியோ அந்தப் பெண்ணுக்கு முன்பே வந்திருக்கிறதா. இந்த மூன்றில் எது மாறினாலும் பதில் தலைகீழாக மாறும். குழந்தைப் பருவத்துத் தடிப்பு நோய்களையும் பிறவித் தொற்றுகளையும் சேர்த்துப் படிப்பதற்குக் காரணம் இதுதான்: குழந்தையின் தோலில் சிவப்புப் புள்ளிகளை மட்டும் விட்டுச் செல்லும் அதே கிருமி, கருவில் கண்ணையோ காதையோ இதயத்தையோ தொட்டுவிடக்கூடும்.

முதலில் எந்த அம்மை என்பதைப் பார்ப்போம். தட்டம்மை கடுமையான காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்து நீர் வடியும் கண்கள் ஆகியவற்றோடு தொடங்குகிறது. மூன்று நான்கு நாள் கழித்துத்தான் தடிப்பு வரும். அது காதின் பின்புறத்திலும் முகத்திலும் தொடங்கி, மணலை வாரி இறைத்ததுபோல் மார்பு, வயிறு, கால் எனக் கீழே இறங்கும். தடிப்புக்கு முன்பே கன்னத்தின் உட்புறத்தில் உப்புக்கல் போன்ற வெண்புள்ளிகள் தோன்றுவதை நியூயார்க் மருத்துவர் ஹென்றி காப்ளிக் 1896இல் விவரித்தார். இன்றும் அவை அவர் பெயராலேயே அறியப்படுகின்றன. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அங்குள்ள காற்றில் கிருமி தங்கக்கூடும் என்பதாலும், எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நிறைந்த ஓர் ஊரில் ஒரே நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடும் என்பதாலும், மனிதருக்கு வரும் தொற்றுகளிலேயே மிக வேகமாகப் பரவுபவற்றில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். நிமோனியா, வயிற்றுப்போக்கு, ஊட்டச்சத்து குறைந்த குழந்தைகளிடம் பார்வையிழப்பு ஆகியவை இதன் பின்விளைவுகள். அதனால்தான் தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள்களில் வைட்டமின் ஏ மருந்தைக் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிக்கு வந்தால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், தாய்க்குக் கடுமையான நிமோனியா ஆகிய ஆபத்துகள் உண்டு. ஆனால் இது கருவின் உறுப்புகளை உருக்குலைப்பதாக உறுதிப்படவில்லை.

ருபெல்லாவை ஜெர்மன் தட்டம்மை என்றும் அழைப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர்கள் இதை விவரித்ததால் வந்த பெயர் அது. சிறு சிவப்பு என்று பொருள்படும் ருபெல்லா என்ற லத்தீன் பெயரைச் சூட்டியவர், இந்தியாவில் பரவிய ஒரு தொற்றை 1866இல் விவரித்த ஹென்றி வீல் என்ற ஆங்கிலேய ராணுவ மருத்துவர். பெயருக்கு ஏற்றாற்போல் நோயும் சிறியதுதான். லேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கி மூன்று நாளில் மறையும் இளஞ்சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டுதல், இவ்வளவே. தொற்று ஏற்பட்டவர்களில் கணிசமானோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. வேர்க்குரு என்றோ உணவு ஒவ்வாமை என்றோ நினைத்துப் பெற்றோர் கடந்துவிடும் இந்த நோய்தான், கருவைப் பொறுத்தவரை மற்ற எல்லா அம்மைகளையும்விடக் கொடியது.

சின்னம்மையை அடையாளம் காண்பது எளிது. அரிப்போடு எழும்பும் முத்துகள் ஒரே நாளில் வந்து நின்றுவிடாமல் அணி அணியாக வருவதால், ஒரே குழந்தையின் உடலில் சிவப்புப் புள்ளி, நீர்க் கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். முத்து தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து, கடைசி முத்தும் பொருக்குத் தட்டும்வரை இது பரவும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய்ஸ் நோய் வர அது காரணமாகலாம். பாராசிட்டமால் போதும்.

மேலை மருத்துவர்கள் ஒருகாலத்தில் குழந்தைகளின் தடிப்பு நோய்களுக்கு வரிசை எண் கொடுத்திருந்தார்கள். முதலாவது தட்டம்மை, இரண்டாவது பாக்டீரியாவால் வரும் செங்காய்ச்சல், மூன்றாவது ருபெல்லா. நான்காவதாகக் கருதப்பட்டது தனி நோயே அல்ல என்று பின்னர் கைவிடப்பட்டது. ஐந்தாவது மட்டும் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டு இன்றும் ஐந்தாம் நோய் எனப்படுகிறது. அறைந்தாற்போல் இரு கன்னங்களும் சிவந்து, பிறகு கைகால்களில் வலைப்பின்னல் போன்ற தடிப்பு படரும் இந்நோய்க்குக் காரணமான பார்வோ வைரஸ் பி19, 1975இல் லண்டனில் இவோன் கோசார்ட் குழுவினர் மஞ்சள் காமாலைக் கிருமிக்காக ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. பெயரிலுள்ள பி19 என்பது அந்த ரத்த மாதிரிக்கு இடப்பட்டிருந்த குறியீடு. கன்னம் சிவக்கும் நேரத்தில் குழந்தை கிருமியைப் பரப்பும் காலம் ஏறத்தாழ முடிந்திருக்கும் என்பதால், தடிப்பைப் பார்த்த பிறகு பிரித்து வைப்பதில் பெரிய பயன் இல்லை. ஆறாவது நோயில் மூன்று நான்கு நாள் கடுமையான காய்ச்சல் அடித்துக் குறைந்த பிறகே தடிப்பு தோன்றும். பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கே வரும்.

இந்த வரிசையில் இடம்பெறாவிட்டாலும் இன்று மழலையர் பள்ளிகளில் அதிகம் காணப்படுவது கை, கால், வாய் நோய். வாய்க்குள் புண்ணும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிறு கொப்புளங்களும் வரும். 2022இல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்ற பெயரில் பரபரப்பாகப் பேசப்பட்டது இதுவேதான். எந்தத் தடிப்பாக இருந்தாலும், கண்ணாடி டம்ளரை அதன்மேல் வைத்து அழுத்தும்போது நிறம் மங்காமல் அப்படியே இருந்து, குழந்தையும் சோர்ந்து கிடந்தால், அது மூளைக்காய்ச்சலின் கிருமி ரத்தத்தில் கலந்ததாகவோ டெங்குவில் ஏற்படும் ரத்தக்கசிவாகவோ இருக்கக்கூடும். அப்போது எந்த அம்மை என்று ஆராய்ந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி வாரக் கணக்கு. ஒரு கிருமி தாயின் ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியைத் தாண்டி, கருவுக்குள் நுழைவதையே பிறவித் தொற்று என்கிறோம். கருவின் கண், காது, இதயம், மூளை ஆகியவற்றுக்கு அடித்தளம் இடப்படுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான். ருபெல்லா வைரஸ் அக்காலத்தில் நுழைந்தால் செல்கள் பெருகும் வேகத்தைக் குறைக்கிறது, நுண்ணிய ரத்தக் குழாய்களையும் சிதைக்கிறது. கட்டடம் எழும்பும்போது பாதிக் கொத்தனார்கள் வேலைக்கு வராததுபோல், அந்தந்த வாரத்தில் உருவாகிக்கொண்டிருந்த உறுப்பு குறையோடு நின்றுவிடுகிறது. கண்புரை, செவிட்டுத்தன்மை, பிறந்த பின் மூடவேண்டிய இதய ரத்தக்குழாய் மூடாமல் இருத்தல் ஆகிய மூன்றும் பிறவி ருபெல்லாவின் முத்திரைகள். முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்கு ருபெல்லா வந்தால் பத்தில் எட்டு ஒன்பது கருக்கள் பாதிக்கப்படலாம். 16ஆம் வாரத்தை நெருங்கும்போது இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்து, பெரும்பாலும் காது கேளாமையாக மட்டும் எஞ்சுகிறது. 20 வாரங்களுக்குப் பிறகு உறுப்புக் குறைபாடு அரிது. ஒரே பெண், ஒரே வைரஸ். ஆனால் எட்டாவது வாரத்தில் வருவதும் இருபத்தெட்டாவது வாரத்தில் வருவதும் இரு வேறு நோய்கள் என்றே சொல்லலாம்.

இதை உலகுக்குச் சொன்னவர் மகப்பேறு மருத்துவரோ கிருமியியல் அறிஞரோ அல்லர். சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் மக்அலிஸ்டர் கிரெக். ஆஸ்திரேலியாவில் 1940இல் ருபெல்லா பெரிதாகப் பரவியது. அடுத்த ஆண்டில் கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக வருவதைக் கவனித்த அவர், தாய்மாரிடம் விசாரித்தும், சக மருத்துவர்களிடம் தகவல் கேட்டும் 78 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டினார். அவர்களில் 68 பேரின் தாய்மார் கர்ப்பத்தின்போது, பெரும்பாலும் தொடக்க மாதங்களில், ருபெல்லாவுக்கு ஆளாகியிருந்தார்கள். இவ்வளவு சாதுவான நோய் இப்படிச் செய்யுமா என்று பலர் ஐயப்பட்டனர். பத்தாண்டு கழித்து ஆலிவர் லங்காஸ்டர் என்ற புள்ளியியலாளர் பழைய மக்கள்தொகைக் கணக்குகளைப் புரட்டி, காது கேளாதவர்கள் 1899ஐ ஒட்டிய ஆண்டுகளில் அசாதாரணமாக அதிகம் பிறந்திருப்பதையும், அது முந்தைய ருபெல்லாப் பரவலோடு ஒத்துப்போவதையும் காட்டினார். எத்தனையோ தலைமுறையாக நடந்துவந்த ஒன்றை, தடிப்பு மறைந்து ஏழெட்டு மாதம் கழித்துக் குழந்தை பிறந்ததாலேயே யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் 1964-65இல் வந்த பரவலில் மட்டும் சுமார் 20,000 குழந்தைகள் பிறவி ருபெல்லாவோடு பிறந்தார்கள்.

சின்னம்மையின் வாரக் கணக்கு இதிலிருந்து மாறுபட்டது. அதற்கு இரண்டு ஆபத்துக் காலங்கள் உண்டு. முதல் 20 வாரங்களில் தாய்க்கு வந்தால் கருவின் தோலில் வடு, குறுகிய கைகால், கண் பாதிப்பு ஆகியவை வரலாம். ஆனால் நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பங்களில்தான் இது நேர்கிறது. இரண்டாவது காலம் பிரசவத்தை ஒட்டியது. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்கு முத்து எழும்பினால், கிருமி குழந்தைக்குப் போய்விடும். அதை எதிர்க்கும் பொருளைத் தாயின் உடல் தயாரித்து அனுப்புவதற்கு அவகாசம் இருக்காது. அப்படிப் பிறக்கும் குழந்தைக்குச் சின்னம்மை உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கடுமையாகலாம் என்பதால், பிறந்த உடனே எதிர்ப்பொருள் ஊசி போடுகிறார்கள். கர்ப்பிணிக்கும் சின்னம்மை லேசான நோயன்று, நுரையீரலைத் தாக்கக்கூடியது. ஐந்தாம் நோயின் வைரஸ் உறுப்புகளை உருக்குலைப்பதில்லை. கருவின் சிவப்பணு உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. ரத்தசோகை முற்றினால் கருவின் உடலெங்கும் நீர் கோத்துக்கொள்ளும். இது ஸ்கேனில் தெரியும் என்பதும், தேவைப்பட்டால் கருப்பையில் இருக்கும்போதே தொப்புள்கொடி வழியாக ரத்தம் ஏற்ற முடியும் என்பதும் ஆறுதல்.

தாயின் தோலில் தடிப்பே காட்டாமல் கருவுக்குள் போகும் கிருமிகளும் உண்டு. அவற்றைச் சேர்த்துத்தான் டார்ச் தொற்றுகள் என்ற குழுப்பெயரை ஆந்த்ரே நாமியாஸ் 1971இல் உருவாக்கினார். டாக்சோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளோடு, மற்றவை என்பதற்கான எழுத்தும் சேர்ந்த சொல் அது. இவற்றில் பலரும் கேள்விப்பட்டிராத சைட்டோமெகலோ வைரஸ்தான் உலகெங்கும் மிகப் பரவலான பிறவித் தொற்று. ஏறத்தாழ 100 முதல் 200 பிறப்புகளில் ஒன்றில் இது இருக்கிறது. அவ்வாறு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருப்பார்கள் என்றாலும், சிலருக்குப் பிறந்தபோது நன்றாக இருந்த செவி சில ஆண்டுகளில் மங்கிவிடும். இந்த வைரஸ் சிறு குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் இருக்கும். ஆகவே மூத்த குழந்தை கடித்த மீதியைத் தின்பது, அதன் கரண்டியிலேயே சாப்பிடுவது, உதட்டில் முத்தமிடுவது ஆகியவற்றைக் கர்ப்பிணி தவிர்ப்பதும், துணி மாற்றியபின் சோப்பு போட்டுக் கை கழுவுவதும்தான் இன்றைக்கு இருக்கும் தடுப்பு. மிச்சத்தை வீணாக்காத நம் வீட்டுத் தாய்மாரிடம் இதைச் சொல்வது எளிதல்ல. டாக்சோபிளாஸ்மா பூனையின் கழிவு கலந்த மண்ணிலிருந்தும் சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் வருகிறது. மற்றவை என்ற பிரிவில் உள்ள சிபிலிஸ் தொற்றை கர்ப்ப காலத்து ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துப் பெனிசிலின் ஊசி போட்டால் பிறவித் தொற்றைத் தடுத்துவிடலாம். அதனால் அந்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

மூன்றாவது விவரம் தாயின் எதிர்ப்புச் சக்தி. ஒரு கிருமி முதன்முதலாக உடலில் நுழையும்போது ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் முன்னதாகத் தோன்றிப் பெரும்பாலும் சில மாதங்களில் மறைகிறது. ஐஜிஜி பிறகு தோன்றிப் பல ஆண்டுகள் நிலைக்கிறது. ஆகவே ருபெல்லாவுக்கு ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்று அறிக்கை வந்தால், அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். ஆய்வக அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சிட்ட பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, டார்ச் இருப்பதால்தான் கரு கலைந்தது என்று ஆண்டுக்கணக்கில் நம்பி மருந்து தேடி அலைகிற தம்பதியரைப் பார்க்கும்போது, இந்த எளிய விளக்கத்தை அவர்களுக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றும். திரும்பத் திரும்பக் கரு கலைவதற்குக் காரணம் தேட டார்ச் பரிசோதனை பயன்படாது என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தாலும் அது பொய்யாகவோ பழைய தொற்றின் மிச்சமாகவோ இருக்கலாம். அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. ஐஜிஜி கிருமியோடு எவ்வளவு இறுகப் பிணைகிறது என்று பார்க்கும் மற்றொரு சோதனை, தொற்று அண்மையதா பழையதா என்று பிரித்துக் காட்டும். ஐஜிஜி நஞ்சுக்கொடியைத் தாண்டும், ஐஜிஎம் தாண்டாது. ஆதலால் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஎம் இருந்தால் அது குழந்தை தானே உண்டாக்கியது, அதாவது கருவிலேயே தொற்று ஏற்பட்டிருக்கிறது என்று கொள்கிறார்கள்.

இந்த மூன்று விவரங்களையும் கையில் வைத்துக்கொண்டுதான் கர்ப்பிணி மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தையின் தடிப்பை முதல் நாளே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைப்பது, தடிப்பு மறைந்த பிறகு எது என்று ஊகிப்பதைவிட நல்லது. சின்னம்மை தனக்கு வந்ததா என்று தெரியாத பெண், குழந்தைக்கு முத்து கண்ட அன்றே மருத்துவரிடம் சொன்னால் ரத்தம் பார்த்து, தேவைப்பட்டால் எதிர்ப்பொருள் ஊசியோ மருந்தோ கொடுக்க நேரம் கிடைக்கும். முத்து இறங்கட்டும் என்று பத்து நாள் காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவும். ஐஜிஜி இல்லாத பெண்ணிடம் ருபெல்லா நோயாளி வந்துபோயிருந்தால் சில வாரங்கள் கழித்து இரண்டாம் முறை ரத்தம் எடுத்து, புதிதாக எதிர்ப்பொருள் தோன்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கர்ப்ப காலத்தில் ருபெல்லா தடுப்பூசி போடுவதில்லை. அது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து உண்டாக்கிய ஊசி. தெரியாமல் போட்டுக்கொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் குழந்தைகளிடம் பிறவி ருபெல்லா காணப்படவில்லை. எனவே அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. இங்கே ஒரு விசித்திரமும் உண்டு. ஓர் ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு மட்டும் தடுப்பூசி போட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகலாம். ஊசி போடாத பெண் குழந்தைகளுக்கு, சிறுவயதில் இயல்பாக வரவேண்டிய ருபெல்லா வராமல் தள்ளிப்போய், அவர்கள் தாயாகும் வயதில் வந்து சேரும். கிரேக்கத்தில் 1970களின் நடுவிலிருந்து போதிய அளவுக்குப் போடாமலே ஊசியைத் தொடர்ந்ததன் விளைவாக, 1993இல் பரவல் வந்தபோது 25 குழந்தைகள் பிறவி ருபெல்லாவோடு பிறந்தார்கள். அதனால்தான் இந்தியா இந்த ஊசியைக் கொண்டுவந்தபோது கைக்குழந்தைகளோடு நிறுத்தாமல், 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும், ஆண் பிள்ளைகள் உட்பட, ஒரே மூச்சில் போட்டது. 2017 பிப்ரவரியில் தொடங்கிய அந்த இயக்கத்தின் முதல் சுற்றில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருந்தன. ஆண் பிள்ளைக்கு எதற்கு என்று அப்போது பள்ளி வாசல்களில் எழுந்த கேள்விக்கு விடை, அவன் வீட்டுக்குக் கொண்டுவரும் வைரஸ் அவன் அம்மாவின் வயிற்றிலிருக்கும் தங்கையை எட்டக்கூடும் என்பதுதான். இப்போது அரசு அட்டவணைப்படி 9 முதல் 12 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்திலும் தட்டம்மை-ருபெல்லா ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. இலங்கை வேறு வழியில் தொடங்கியது: 1996இல் மகப்பேற்று வயதுப் பெண்களுக்கு முதலில் போட்டு, பிறகு குழந்தைகளுக்கும் விரிவாக்கி, 2020இல் ருபெல்லாவை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது.

பிறவி ருபெல்லாவோடு பிறந்த குழந்தையின் சளியிலும் சிறுநீரிலும் ஓராண்டு வரைகூட வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். குழந்தை பார்க்க வரும் உறவுக்காரர்களில் கர்ப்பிணிகள் இருந்தால், ருபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி உறுதிப்படாதவரை அவர்கள் அதைத் தூக்காமல் இருக்க வேண்டும். கர்ப்பத்தின்போது ஐஜிஜி இல்லை என்று தெரியவந்த பெண், பிரசவம் முடிந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்கு முன்பே ருபெல்லா ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். தாய்ப்பால் கொடுப்பது அதற்குத் தடையில்லை. ஊசி போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருந்தால் போதும்.